பச்சையாக இருந்த கன்றுகள்

மண்ணூரில் எங்கள் ரஸ்தாளி வாழைத் தோட்டம் வாடத் தொடங்கியபோது நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, ஒடிந்து, மரத்தைச் சுற்றித் தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று சொல்லிவிட்டு அப்பா ஷிப்டுக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. ஒரு மரத்தைச் சாய்த்துக் கிழங்கைப் பிளந்தாள். உள்ளே செம்பழுப்பாகக் கோடு கோடாக ஓடியிருந்தது. அதை வேளாண்மை அலுவலகத்தில் காட்டிவிட்டு வந்தவள் அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. வாடல் நோயாம். பூசணம் மண்ணிலேயே தங்கிவிடுமாம், மருந்துக்குப் போகாதாம்.

மறுநாள் பென்னலூரிலிருந்து சித்தப்பா குட்டியானை வண்டியோடு வந்து இறங்கினார். ஒப்பந்தம் முடிந்ததென்று கம்பெனியில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டிருந்தார்கள். தன் நிலத்தில் வாழை வைக்கக் குழியெல்லாம் வெட்டி வைத்திருந்தார். கன்று தருகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தவள் அம்மாதான். அவள் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் கன்றுகளைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிவிட்டார்.

"வேணாம் தம்பி. மண்ணுல நோவு கீது. உன் கொல்லைக்கும் வந்துடும்."

"கன்னு பச்சையாதான கீது அண்ணி? குடுக்க மனசு இல்லன்னா நேரா சொல்லிடுங்க. வேல போனவன்னா இன்னா வேணா சொல்லலாமா?"

"வேற எடத்துல நானே வாங்கித் தரேன். இத மட்டும் எடுத்துக்கினு போவாத."

சித்தப்பா வண்டியைக் கிளப்பினார். அம்மா கொடுவாளோடு பின்புறம் ஏறினாள். ஒவ்வொரு கன்றையும் குறுக்கே வெட்டினாள். சித்தப்பா பாய்ந்து இறங்கிக் கையை ஓங்கினார். அம்மா நகரவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்று, பிறகு தாழ்ந்தது.

"இனிமே உங்க வூட்டுப் பக்கமே வரமாட்டேன்" என்றார்.

"சரி. கால கழுவிட்டுப் போ" என்றாள் அம்மா.

அதைவிடப் பெரிய அவமானம் அவருக்கு வேண்டியதில்லை. அவர் கழுவவில்லை. ஒட்டியிருந்த தோட்டத்து மண் போக, அம்மாவே குடத்துத் தண்ணீரை அவர் காலிலும் வண்டிச் சக்கரங்களிலும் ஊற்றினாள். எனக்கு அவளைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

சித்தப்பா படப்பை ஊர்ப் பக்கம் கன்று வாங்கித் தன் குழிகளில் நட்டார். அடுத்த வருடம் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து விருந்தில், எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்: "அண்ணி சொன்ன நோவு எங்க? என் கொல்லையில ஒரு எல மஞ்சளாவல."

பந்தியே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த அம்மா அவர் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். இத்தனை பேர் நடுவில் தோற்றுப்போனவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி எதற்கென்று எனக்கு அன்று விளங்கவில்லை.