தவளையின் இதயம் நின்றது என்னால்தான்

சென்ற மாதம் சிதம்பரத்தில் ஒரு தவளையின் இதயம் துடிக்க மறுத்துவிட்டது. காரணம் நான். பயப்படாதீர்கள்… கம்ப்யூட்டரில் வரைந்த தவளைதான்.

வரைந்தவள் என் மச்சினிச்சி கவிதா. புவனகிரியில் ஒரு தனியார் பள்ளியில் லேப் அசிஸ்டன்ட். எட்டு வருடமாகத் தற்காலிகம். ஒவ்வொரு ஜூனிலும் ‘இந்த வருஷம் கூப்பிடுவாங்களா?’ என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். கரும்பலகையில் நாலு கலர் சாக்பீஸில் அவள் தவளையின் இதயத்தை வரைந்தால், பாடம் எடுக்கும் டீச்சரே அதைப் பார்த்துத்தான் தன் நோட்டில் வரைந்துகொள்வாராம்.

சிதம்பரத்தில் பள்ளிகளுக்கு அனிமேஷன் பாடம் தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்று ஆள் தேடியது. ஒரு நிமிட அனிமேஷன் செய்து எடுத்துப் போக வேண்டும். வீடியோவாக அல்ல, வரைந்த ஃபைலாகவே. அடுத்தவர் வரைந்ததைக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்களாம்.

“இதையும் விட்டா, அடுத்த ஜூனும் போனைப் பாத்துக்கினு உக்கார வேண்டியதுதான் மாமா” என்றாள்.

எந்த சாஃப்ட்வேரில் வரைவது? மஞ்சக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு அழைத்துப் போனேன். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை — இந்தப் படமெல்லாம் எப்படித்தான் நகர்கிறது?

“எதுக்கு மேடம்? பேனருக்கா, கல்யாண ஆல்பத்துக்கா?” என்றார் கடைக்காரர்.

“தவளையோட இதயத்துக்கு.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

மூன்று காட்டினார். முதலாவது பார்க்க ஜோர். ஆனால் கவிதாவின் பழைய கம்ப்யூட்டர் அதைத் தாங்காது. இரண்டாவது முப்பது நாள் மட்டும் வேலை செய்யும், பிறகு பூட்டிக்கொள்ளும். மூன்றாவது ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் இருந்தது. பார்க்கக் கொஞ்சம் பரிதாபமாக இருந்தது. மூன்றுக்கும் கவிதா கேட்டது ஒரே கேள்வி.

“பாதி வரையும்போது கரன்ட் போச்சுன்னா என்னா ஆவும்?”

நியாயம்தானே? எங்கள் பக்கம் கரன்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? கடைக்காரர் சி.டி. உறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கரன்டை நிறுத்திப் பாத்துடலாமா அண்ணே?” என்றாள் இவள். மூன்றையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, ஒரு வட்டம் வரைந்தாள். ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் காத்திருந்தோம். பிறகு சுவிட்சை அணைத்துப் போட்டதில் இரண்டு வட்டம் காணாமல் போயின. பரிதாபமான அந்த மூன்றாவது மட்டும் தன் வட்டத்தைப் பத்திரமாக வைத்திருந்தது.

“இத்தினி வருஷமா விக்கிறேன்… எனக்கே தெரியாதும்மா” என்றார் கடைக்காரர்.

அத்தோடு விட்டாளா? கம்பெனிக்கு போன் போட்டாள். அங்கேயும் அதே சாஃப்ட்வேர் இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் பழைய வெர்ஷன். சரி, பழைய வெர்ஷனிலும் திறக்கிற மாதிரியே சேமித்தாள். மூன்று வாரத்தில் தவளை தயார். ரத்தம் இரண்டு பக்கமும் வந்து, ஒரே அறையில் கலந்து, அழகாக வெளியேறியது. நான் பத்துத் தடவை பார்த்தேன்.

சிதம்பரம் கிளம்புவதற்கு முதல் நாள் பார்த்தால், அவள் பென் டிரைவில் வைரஸ். “என்னோடதுல போட்டுத் தர்றேன், கவலைப்படாதே” என்றேன். ஃபைலை மட்டும் வைரஸ் சோதித்து என் கம்ப்யூட்டரில் ஏற்றி, என் பென் டிரைவில் ஒரு ஃபோல்டர் திறந்து போட்டுக் கொடுத்தேன். வாழ்க்கையில் முதன்முறையாகத் தொழில்நுட்ப உதவி செய்த பெருமை எனக்கு.

சிதம்பரத்தில் அந்த ஆபீஸ் ஒரே அறை. கவிதா கம்ப்யூட்டர் முன்னால், பக்கத்தில் நிர்வாகி அம்மா, கதவோரம் நான். ஃபைலைத் திறந்தாள். ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்றது கம்ப்யூட்டர். மறுபடி. இல்லை. மறுபடி. இல்லை.

“வெர்ஷன் பிரச்சினைங்க. நெறைய பேருக்கு இப்படித்தான் ஆவுது” என்று நிர்வாகி அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள்.

கவிதாவின் காது சிவந்துவிட்டது. எட்டு வருடம் இப்படி ஒரு நிமிடத்தில் போய்விடுமா?

“வெர்ஷன் இல்லீங்க மேடம்” என்றாள் மெதுவாக. “வெர்ஷன்னா ‘படிக்க முடியல’ன்னு சொல்லும். இது ‘இல்லவே இல்ல’ன்னுது. கண்ணு முன்னாடி இருக்குது, ஆனா அதுக்குப் போற வழி தெரியல.” திரையை உற்றுப் பார்த்தாள். “ஃபோல்டர் பேருக்கு முன்னாடி ஏதோ காலிக் கட்டமா தெரியுதே… மாமா, என்னா பேரு வெச்சீங்க?”

சொன்னால் சிரிப்பீர்கள். ‘உ கவிதா’ என்று வைத்திருந்தேன்.

பிள்ளையார் சுழி! மளிகை லிஸ்ட்டிலிருந்து இந்தப் பத்திவரை சுழி போடாமல் நான் எதையும் தொடங்கியதில்லை. நல்ல காரியம், நன்றாக முடியட்டும் என்று அவள் ஃபோல்டருக்கும் தமிழில் ஒரு ‘உ’ போட்டு, பெயரை ஆங்கிலத்தில் அடித்திருந்தேன். என் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியும். அந்த ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும், அந்தப் பழைய சாஃப்ட்வேருக்கும் தெரியாது. வழியில் ஒரு தமிழ் எழுத்தைப் பார்த்ததும் திகைத்து நின்றுவிட்டது.

கவிதா என்னைத் திட்டவில்லை. ஒரு பார்வை… அவ்வளவுதான். அந்த ஒரு எழுத்தை அழித்தாள். மறுபடி திறந்தாள். லொடக்… லொடக்… தவளை துடித்தது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

கரன்ட், வெர்ஷன், வைரஸ் என்று எல்லாவற்றோடும் ஒத்துப்போகுமா என்று பார்த்தவள், மாமாவோடு ஒத்துப்போகுமா என்று மட்டும் பார்க்கவில்லை. நம் வீட்டு ஆட்களின் நல்ல மனசுக்கு எந்தக் கடையில் சோதனை இருக்கிறது, சொல்லுங்கள்?

வேலை கிடைத்துவிட்டது. பாடம் வரைவதோடு, எந்தப் பள்ளிக் கம்ப்யூட்டரில் எது திறக்கவில்லை, ஏன் திறக்கவில்லை என்று கண்டுபிடிப்பதும் அவள் பொறுப்பு. “தவளையைவிட நீங்க தப்பைத் தேடின விதம் புடிச்சிருந்துச்சு” என்றாராம் நிர்வாகி அம்மா. இனி ஜூன் மாதத்தில் போனைப் பார்க்க வேண்டாம்.

போன வாரம் அந்த ஆபீசுக்குப் போயிருந்தேன். கவிதாவின் மேஜைக்கு மேலே அவள் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘ஃபைல் பெயரிலோ ஃபோல்டர் பெயரிலோ யாரும் எக்காரணம் கொண்டும் தமிழ் எழுத்துப் போடக் கூடாது.’

தாளின் உச்சியில், நட்டநடுவில், அழகாக ஒரு ‘உ’.