பூட்ஸைக் கழற்றாதீர்கள், அக்கா

சரோஜா அக்கா நெஞ்சுவலியில் இறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் தறியை நிறுத்தினேன். ஆட்டையாம்பட்டிப் பக்கத்து விசைத்தறிக் கூடத்தில் எட்டு வருடம் என் பக்கத்துத் தறி அவர்களுடையது. தெருவே ஒரு கேள்விதான் கேட்டது: "எந்த வழியில கொண்டு போறது?"

எங்கள் மயானத்துக்குப் போகும் இட்டேரி, வேலிகளுக்கு நடுவே ஓடும் மண்தடம், பொதுப்பாதை. அதை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர் குறுக்கே இரும்பு கேட் போட்டுப் பூட்டிவிட்டார். எங்கள் சாதிதான் காரணம். வேறு காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதன்பின் பிணங்களைச் சாக்கடை ஓடையில் இறங்கித்தான் தூக்கிப் போனோம்.

போன வருடம் மகளின் பிரசவத்துக்காக அக்கா பிரிட்டனில் இருக்கும் வேல்ஸ் போனார்கள். மகள் அங்கே ஒரு சின்னச் சந்தை ஊரில் நர்ஸ். இடிந்த கோட்டை, கல்தூண்கள் தாங்கும் பழைய சந்தைக் கட்டடம், சுற்றிலும் செம்மறி மேயும் குன்றுகள். சந்தையில் அக்கா ஒரு ஆட்டுக்குப் பல் பார்த்து விலை கேட்க, மகள் வெட்கப்பட்டு ஓடினாளாம். அங்கேயே ரப்பர் பூட்ஸ் வாங்கினார்கள்.

ஒருநாள் மகளோடு, மேய்ச்சல் நிலத்தின் நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் நடந்தார்கள். எதிரே நிலத்துக்காரர் வந்தார். அக்கா சட்டென்று பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் ஒதுங்கினார்கள். சிறுவயதில் நம் ஊரில் பழகிய உடம்பு. காலில் ஏதோ குத்திவிட்டதென்று அவர் பதறினார். இது எல்லோரும் நடக்கிற வழி, ஆடு போய்விடாமல் கேட்டை மட்டும் சாத்திவிடுங்கள் என்றாராம்.

"அந்த மனுசன் கழட்டச் சொல்லவேயில்ல சாமி. என் கை தானா கழட்டுச்சு. அத்தன தூரம் போயும் கழட்டுச்சு பாரு!" என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார்கள்.

"அந்த ஊர்ல எல்லாரும் நல்லவங்களாக்கா?"

"கெடக்குது போ. எம் புள்ளைய மொறைச்சுப் பாக்கறவனும் அங்க இருக்கான். நான் அந்த வழியப் பத்தித்தான் சொல்றேன்."

திரும்பி வந்த வாரமே பூட்ஸ் மாட்டிக்கொண்டு கேட் முன்னால் போய் நின்றார்கள்.

"ஏ சரோசா, சீமைக்குப் போய் வந்ததுல கால் தரையில பாவலையா?" என்றார் தோட்டக்காரர்.

"பாவுதுங்க. அதுக்குத்தான் வழி கேக்கறேன். தொறங்க, சாத்திட்டுத்தான் போவேன்."

திறக்கவில்லை. அக்கா திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தார்கள். "பாக்கறோம்மா" என்ற பதிலோடு திரும்பினார்கள்.

மகள் போனில் அழுதாள்: "அம்மா கால்ல அந்தப் பூட்ஸைப் போட்டு உடுங்கண்ணா. அந்த வழியிலயே கொண்டு போங்க."

பாடையைக் கேட் முன்னால் இறக்கினோம். தெருவே வெயிலில் உட்கார்ந்தது. போலீஸ் வந்தது, மிரட்டியது. யாரும் எழவில்லை. பிற்பகலில் ஒரு அதிகாரி வந்து பூட்டை உடைக்கச் சொன்னார். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" என்றார். பூட்டு உடைந்தது. தூக்கினோம்.

அடக்கம் முடிந்து கடைசியாக வந்த நான் கேட்டைச் சாத்தினேன். நாளையும் இந்த வழியில்தான் வருவோம். நாளையும் சாத்துவோம். பூட்ட விடமாட்டோம்.

போய் வாருங்கள், அக்கா. எதிரே எவன் வந்தாலும் பூட்ஸைக் கழற்றாதீர்கள்.