“பரவால்லீங்க” என்ற மனுசனை அவிநாசியப்பன் மீட்டுக் கொடுத்தான்

என் கணவர் போனில் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டார். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் பெயர் நடராஜ், ராணுவத்தில் சிப்பாய். லீவு முடிந்து போய், வடக்கே பனிமலை உச்சியில் ஒரு காவல் முகாமில் இருந்தார். அங்கே குளிரைவிடக் காற்றுதான் கொடுமை. எவ்வளவு இழுத்தாலும் நெஞ்சுக்குப் பத்தாது, அரை வயிற்றுக் கஞ்சி மாதிரி. வாரம் ஒரு முறை வீட்டுக்குப் பேச அவருக்கு முறை வரும். அன்றைக்கு எங்கள் மகள் கயல் அவரிடம் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தந்தாள்.

“அம்மணி, கயலு எங்க?” என்றார்.

“இத்தன நேரம் உங்ககிட்டத்தானுங்க பேசிட்டிருந்தா!”

“ஆமாமா” என்றார். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சியதைச் சொன்னேன். நடுவில், “கயலு எங்க?” என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதே கேள்வி.

“ஏனுங்க, ஒடம்புக்கு என்னங்க?”

“ஒண்ணுமில்ல அம்மணி. பரவால்லீங்க.”

லைன் போய்விட்டது.

அந்த “பரவால்லீங்க” இருக்கிறதே, அதை நம்பக் கூடாது என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். எங்கள் ஊர் மனுசர்களுக்கு அடுத்தவருக்குச் சிரமம் கொடுப்பது பாவம். பசியில் காது அடைத்தாலும் விருந்தாளியாகப் போன இடத்தில் “பரவால்லீங்க” தான். எங்கள் கல்யாணப் பந்தியில் ஒருவர் கொதிக்கிற ரசத்தை இவர் கையிலேயே ஊற்றிவிட்டார். கை சிவந்து போச்சு. இவரோ ஊற்றினவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார், “பரவால்லீங்க, பரவால்லீங்க” என்று. அன்றைக்கே நான் நினைத்தேன், இந்த மனுசனோடு குடும்பம் நடத்த நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்த வேண்டும் என்று.

எனக்கு வாய் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். கோவை ஆர்.எஸ்.புரத்தில் நெஞ்சு நோய் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் டோக்கன் போடும் வேலை எனக்கு. மூச்சு வாங்க வாங்கப் படியேறி வந்தவர்கள், “எப்படி இருக்கீங்க” என்று டாக்டரம்மா கேட்டால் “பரவால்லீங்க டாக்டர்” என்பார்கள். “பரவால்லைன்னா எதுக்குங்க இந்நேரம் வரைக்கும் டோக்கன வெச்சுட்டு ஒக்காந்திருந்தீங்க?” என்று நான் அங்கேயே பிடித்துக்கொள்வேன்.

திங்கட்கிழமை காலையில் முதல் டோக்கன் நானே எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நடந்ததைச் சொன்னேன். டாக்டரம்மா முகம் மாறியது.

“உயரத்துல மூளையில நீர் கோத்துக்கும் சுகந்தி. மொதல்ல தலைவலி, அப்பறம் இந்த மாதிரி கொழப்பம். குடிச்சவங்க மாதிரி தள்ளாடுவாங்க. நேர்கோட்டுல அடிமேல அடி வெச்சு நடக்கச் சொல்லணும். நடக்க முடியலைன்னா ஒடனே கீழ எறக்கணும். மருந்தவிட எறக்கறதுதான் வைத்தியம். தள்ளிப் போட்டா...” என்று இழுத்தார். அதற்குள் நான் போனை எடுத்துவிட்டேன்.

என் கணவர் நம்பருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அடிவாரத்து அலுவலகத்துக்கு அடித்தேன். மேலே பனிப்புயல், தொடர்பு வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் எனக்கு வேலை ஓடவில்லை. டோக்கனை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஒரு தாத்தாவுக்கு இரண்டு டோக்கன் கொடுத்துவிட்டேன், அவரும் “பரவால்லீங்க” என்றார். அழுகை வந்துவிட்டது. டாக்டரம்மா என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் ஊர் அவிநாசியில் பஸ்ஸை விட்டு இறங்கினதும் கால் தானாகக் கோயிலுக்குப் போனது. அங்கே முதலை வாயிலிருந்து பிள்ளை வெளியே வருகிற மாதிரி ஒரு சிற்பம் இருக்கிறது, உங்களுக்கெல்லாம் தெரியும். குளத்து முதலை விழுங்கிய பிள்ளையை, வருசங்கள் போன பிறகு, இந்த ஈசன் திருப்பிக் கொடுத்த கதை. எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அன்றைக்குத் தாண்ட முடியவில்லை.

அதுவரை நான் கும்பிட்டதெல்லாம் மரியாதையான கும்பிடு. “எல்லாரும் நல்லா இருக்கணும் சாமி, எங்களுக்கு ஒண்ணும் கொறையில்ல” என்று திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு வந்துவிடுவேன். யோசித்துப் பாருங்கள், சாமியிடமும் “பரவால்லீங்க” தான்! அன்றைக்கு அந்த மரியாதையெல்லாம் பறந்து போச்சு. அவிநாசியப்பன் சந்நிதியில் நின்று வாய்விட்டே கேட்டேன்.

“அப்பனே, எனக்குப் பயமா இருக்குது. அந்த மனுசன் வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. பக்கத்துல இருக்கற ஒருத்தர் கண்ணையாவது தொறந்து உடு. முதலை வாயில இருந்து குடுத்தியே, பனி வாயில இருந்து குடு. சித்திரையில அவரே உன் தேர் வடம் புடிக்கோணும். அவரக் கூட்டிட்டு வாரேன், இது சத்தியம்.”

கருணாம்பிகை அம்மன் சந்நிதியிலும் அழுதேன். பிரகாரத்தைச் சுற்றினேன். உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தேன். பிறகு வெளியே வந்து தேர் நிற்கும் இடத்தில் நின்றேன். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற தேர். இதை இழுக்கிற மூச்சு அவருக்குத் திரும்ப வருமா என்று நினைத்தபோது போன் அடித்தது.

தெரியாத நம்பர்.

“சேச்சி, நான் பிஜு. நடராஜண்ணன்கூட இருக்கற பிஜு.”

மேலே ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு ஜோடி உண்டு. ஒருவர் விரலையும் முகத்தையும் மற்றவர் பார்த்துக்கொள்ள வேண்டும். என் கணவருக்கு ஜோடி பாலக்காட்டுப் பையன் பிஜு. அவன் என்னிடம் பேசினதே இல்லை.

“சேச்சி, தப்பா எடுத்துக்க வேண்டா. உங்க ரெண்டு பேருக்கும் வழக்கு, சண்டை ஏதாவது இருக்கா? அண்ணன் நேத்துலேர்ந்து சாப்பிடலை, பேசலை. ஒரே படுப்பு. வீட்டுல சண்டையாக்கும்னு நினைச்சேன். அதான் சமாதானம் பண்ணலாம்னு, என் முறையில உங்களை விளிச்சேன்.”

தன் வீட்டுக்குப் பேச வேண்டிய முறையை எங்கள் சண்டையைத் தீர்க்கச் செலவு செய்திருக்கிறான் அந்தப் பிள்ளை! இல்லாத சண்டை! எனக்குச் சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

“சண்டை இல்ல கண்ணு! அவருக்குத் தல வலிக்குதான்னு கேட்டீங்களா?”

“தினமும் காலையில மருத்துவ உதவியாளர் கேக்கறாரே. அண்ணன் நல்லாருக்கேன்னு தானே சொல்றாரு.”

“அவர் பேச்ச நம்பாதீங்க! எந்திரிச்சு நேரா ஒரு கோட்டுல நடக்கச் சொல்லுங்க, இப்பவே! நடக்க முடியலைன்னா கீழ எறக்கியாகணும். டாக்டர் சொன்னாங்க. ஓடுங்க சாமி!”

போன் ஒரு பக்கம் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை.

மேலே நடந்ததைப் பிஜு பின்னால்தான் சொன்னான். இவரை எழுப்பி நிறுத்தினார்கள். இரண்டாவது அடியிலேயே சாய்ந்து பிஜு மேல் விழுந்தார். பூட்ஸ் கயிறு கட்டக்கூட விரல் வரவில்லை. அப்போதும் மருத்துவ உதவியாளரைப் பார்த்துத் தமிழில் “பரவால்லீங்க” என்றாராம். அந்த உதவியாளருக்குத் தமிழ் தெரியாது, என்ன சொல்கிறார் என்று கேட்டாராம். “செத்துட்டிருக்கேன்னு சொல்றாரு” என்று பிஜு மொழிபெயர்த்தானாம். நல்லா இருப்பான் அந்தப் பையன்.

ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, ஆளையே உள்ளே வைத்துக் காற்றடிக்கும் ஒரு நீளப் பையில் படுக்க வைத்தார்கள். அதற்குள் இருந்தால் கீழே இறங்கின மாதிரி கொஞ்சம் மூச்சு கிடைக்குமாம். மாறி மாறி மிதித்துக் காற்று ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். ஹெலிகாப்டர் வர வேண்டும். மேகம் விடவில்லை.

அடிவாரத்து அலுவலகத்திலிருந்து எனக்குத் தகவல் வந்தது. அதன் பிறகு நான் சொன்னது ஒரே வார்த்தை, “மேகத்த வெலக்கு”. அடுப்படியில் சொன்னேன், கயலுக்குத் தலை வாரும்போது சொன்னேன். “யாரும்மா மேகம்?” என்று கேட்டாள் குழந்தை. மறுநாள் காலையில் மேகம் கொஞ்ச நேரம் விலகியது. அந்தக் கொஞ்ச நேரத்தில் ஹெலிகாப்டர் வந்து அவரைத் தூக்கிப் போய்விட்டது. பின்னாலேயே மூடிக்கொண்டதாம். இதை யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். எனக்குத் தெரியும், விலக்கினது யாரென்று.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் பேசினபோது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “அம்மணி, கயலுகிட்ட குடு” என்றார். கொடுத்தேன். பேசி முடித்ததும் போன் என்னிடம் வந்தது. மறுபடி “கயலு எங்க” என்று கேட்பாரோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். கேட்கவில்லை.

“ஏனுங்க, தலைவலி வந்தப்பவே ஏன் சொல்லலீங்க?” என்றேன்.

“நான் படுத்துட்டா எம்பட காவலையும் பிஜுதான் பாக்கோணும். எதுக்கு அவனுக்குச் செரமம்னு நெனச்சேன்.”

“இப்ப உங்களால யாருக்குமே செரமம் இல்லீங்களா?” என்று கேட்டேன். நீண்ட நேரம் அழுதார். கட்டினதிலிருந்து அவர் அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இனி அவருக்கு உயரமான இடத்தில் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது சமவெளி முகாமில் இருக்கிறார். மலைக்குப் புறப்படும் பையன்களிடம் போய்த் தன் கதையைத் தானே சொல்கிறார், தலைவலியை மறைக்காதீர்கள் என்று. எங்கள் வீட்டில் யாராவது “பரவால்லீங்க” சொன்னால், போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வா என்று கயல் சொல்லுவாள், அதுதான் தண்டனை.

சித்திரையில் தேருக்கு லீவில் வந்தார். சொன்ன சொல் தவறாமல் கூட்டிப் போனேன். வடத்தைப் பிடித்து நின்றவரை நான் கயலைத் தூக்கிக்கொண்டு பார்த்திருந்தேன். மெலிந்திருந்தார். பக்கத்தில் வடம் பிடித்த பெரியவர், “தம்பி, கடேசி வரைக்கும் முடியுமுங்களா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியும் என்ன பதில் வரும் என்று. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“முடியாதுங்க” என்றார் அவர். “கொஞ்ச தூரம் இழுப்பேனுங்க. அப்பறம் மூச்சு வாங்குமுங்க. கைத்தாங்கலா என்ன ஓரமா உக்கார வெச்சுருவீங்களா?”

தேர் அசைந்தது. எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

இந்தக் கதையைக் கேட்கக் கூடியிருக்கிற உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வலி எதுவானாலும் அவிநாசியப்பன் முன்னால் போய் நின்று அதை அப்படியே சொல்லுங்கள். கத்தியே சொல்லுங்கள். அவனுக்கு அது சிரமமே இல்லை.