தவராஜாவின் மகள் லோயராவதற்கு முன்னால்

எங்களுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் தவராஜா அண்ணை நல்ல மனிதர். ஆனால் மகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. சுவிஸில் நாங்கள் இருக்கும் ஆராவ் நகரிலிருந்து லுசேர்ணுக்கு ரயிலில் போய் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார். தெரியாத்தனமாக அவரோடு ஒரே பெட்டியில் ஏறியவர்கள் இறங்கும்வரை மகள் டிலக்ஷியின் புராணம் கேட்டே ஆகவேண்டும். நான் இங்கேயே முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்வதால் தப்பித்தேன். ஆனால் படிக்கட்டில் தப்ப முடியாது.

உள்ளதைச் சொன்னால், புராணம் பாடத்தக்க பிள்ளைதான். ஆராவிலேயே பிறந்தவள். சின்ன வயதிலிருந்தே இந்தக் கட்டடத்துத் தமிழ் வீடுகளுக்கு வரும் ஜெர்மன் மொழிக் கடிதங்களையெல்லாம் வாசித்துச் சொல்லி, அதே டொச்சில் பதிலும் எழுதிக் கொடுத்தவள். படபடவென்று பேசுவாள், வாய்விட்டுச் சிரிப்பாள். யாராவது புகழ்ந்தால் மட்டும் முகம் சுருங்கிவிடும். அந்த விஷயத்தில் தகப்பனுக்கும் மகளுக்கும் ஏழாம் பொருத்தம்.

சூரிச் பல்கலைக்கழகத்தில் அவள் சட்டம் படித்துக்கொண்டிருந்த காலம் அது. 2010 கோடையில், ஏரிக்கரையில் இருக்கும் ஒரு பெரிய சட்ட நிறுவனம் மாணவர்கள் எட்டுப் பேரை ஒரு மாதப் பயிற்சிக்கு எடுத்தது. அவர்களில் ஒருத்தி எங்கள் டிலக்ஷி. இதில் என்ன பெரிய விஷயம் என்று நானும் முதலில் நினைத்தேன். அவள்தான் தேத்தண்ணி குடித்தபடி விளக்கினாள். படிப்பு முடிந்ததும் நேரே சட்டத்தரணி ஆகிவிட முடியாது. எங்காவது ஒரு வருடமாவது முறையாகப் பயிற்சி எடுத்தால்தான் பரீட்சை எழுதலாம். அந்த நிறுவனம் தன் நீண்ட பயிற்சி இடங்களை, கோடையில் வந்துபோன மாணவர்களுக்குத்தான் கொடுக்கும்.

முந்திய ஆண்டுகளில் கோடைக்கு வந்தவர்களில் ஏரிப் படகிலிருந்து தவறி விழாத எல்லோருக்குமே இடம் கிடைத்ததாம். பிறகு வங்கிகள் ஆட்டம் கண்டன. வங்கிகளை நம்பியிருந்த அந்த நிறுவனமும் கையைச் சுருக்கிக்கொண்டது. எட்டுப் பேர் வரலாம், இரண்டு பேருக்குத்தான் இடம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அவள் இன்னும் நான்கு இடங்களுக்கு எழுதிப் போட்டு, நான்கும் கைவிரித்திருந்தன.

"சிவகலா அக்கா, அங்க எல்லாரும் சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கினம். ஆனா ஒருத்தரும் மற்றாளுக்கு முன்னம் வீட்டை போகினமில்லை" என்றாள். மற்றப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தகப்பன் சட்டத்தரணி, இல்லையென்றால் மாமன் நீதவான். இவளுடைய தகப்பன் உருளைக்கிழங்கு அவிக்கிறவர். அதைப் பற்றி அவளுக்கு வெட்கம் இல்லை. பயம்தான் இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் தவராஜா அண்ணை தன் வேலையைக் காட்டினார். கோயில் தேர்த் திருவிழாவில் கண்டவர் நின்றவர் எல்லோரிடமும், "என்ர மகள் இப்ப சூரிச்சில லோயர்" என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நின்றாரா? வேலை நேரத்தில் அவள் கைத்தொலைபேசியை எடுக்கமாட்டாள் என்று, அலுவலக இலக்கத்தைத் தேடிப் பிடித்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலையிலிருந்து அந்த அலுவலகத்துத் தொலைபேசி ஓயவில்லை. ஒருவருக்குக் கட்டடத்துப் பொதுச் சலவை அறையில் யாருக்கு எந்த நாள் என்று பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை. இன்னொருவருக்குக் கார் நிறுத்திய இடத்தில் தகராறு. ஒரு தாய்க்கு, எண்சாத்திரப்படி மகனின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டவேண்டும், அதற்குச் சுவிஸ் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று தெரியவேண்டும். கோடிக்கணக்கில் கொம்பனிகளை வாங்கி விற்பவர்களுக்கு ஒப்பந்தம் எழுதும் நிறுவனம் அது. வரவேற்பறையில் இருந்த நெஃப் என்ற அம்மா, "டிலக்ஷி, உங்களுக்கு மறுபடியும் ஒரு கட்சிக்காரர்" என்று இணைப்பைக் கொடுக்கக் கொடுக்க, மற்ற ஏழு பேரும் கணினிக்குப் பின்னால் ஒளிந்து சிரித்தார்கள்.

அன்று பின்னேரம் மேல்மாடியில் நடந்த சண்டை எங்கள் வீட்டுக்கு அட்சரம் பிசகாமல் கேட்டது.

"அப்பா, நான் லோயர் இல்லை! படிக்கிற பிள்ளை. பொய்யா அந்தப் பேரைப் பாவிச்சதெண்டு நினைச்சினம் எண்டால் என்னை வெளியில விட்டிடுவினம்."

"ஆகப்போறனிதானே. நான் கொஞ்சம் முந்திச் சொல்லிப்போட்டன், அவ்வளவுதான்."

"அப்ப எல்லாருக்கும் எடுத்து, இல்லையெண்டு சொல்லுங்கோ!"

அண்ணை சமையலறையில் குழாயைத் திறந்த சத்தம் கேட்டது. பிறகு அவருடைய மனைவி இந்திரா அக்கா மகளிடம் சொன்னது கேட்டது. "இந்தளவு வருசத்தில கொப்பருக்கு வெளியில சொல்லிப் பெருமைப்பட வேற ஒண்டும் கிடைக்கேல்லையடி. விடு." எனக்கு அவர்மேல் கோபம்தான். அதைக் கேட்டபிறகு முழுதாகக் கோபப்படவும் முடியவில்லை.

கடைசி வாரம் வந்தது. தொலைபேசி கொஞ்சம் அடங்கியிருந்தது. அவள் மூச்சு விட்ட நேரத்தில், தவராஜா அண்ணையின் கதையை நம்பிய குலேந்திரன் அண்ணை அலுவலகத்துக்கு நேரிலேயே போய் இறங்கினார். அவர் ஒரு கட்டடத் துப்புரவுக் கொம்பனியில் நெடுங்காலம் வேலை செய்து மேற்பார்வையாளர் ஆனவர். முதலாளிக்கு வயதாகிவிட்டதால் கொம்பனியை இவருக்கே விற்பதாகப் பேச்சு. நெற்றியில் வீபூதி, பக்கத்தில் பட்டுச்சேலையோடு மனைவி கஜலக்சுமி, கையில் விற்பனை ஒப்பந்தம். மங்கலமாக இருக்கட்டும் என்று ஒப்பந்தத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் பூசியிருந்தார்.

நெஃப் அம்மா டிலக்ஷியைக் கூப்பிட்டார். அவள் வரவும், நிறுவனத்தின் பங்காளர்களில் ஒருவரான புர்க்ஹால்டர் மதியச் சாப்பாடு முடிந்து மற்ற மாணவர்களோடு உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. இடங்களை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கிற மனிதர் அவர்தான். குலேந்திரன் அண்ணை அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, டிலக்ஷியைக் காட்டித் தனக்குத் தெரிந்த டொச்சில் பெருமையாகச் சொன்னார், "இவர் எங்கட சட்டத்தரணி!"

மற்ற மாணவர்கள் எல்லோரும் டிலக்ஷியைத் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்குக் காலும் ஓடேல்லை, கையும் ஓடேல்லை அக்கா" என்று பிறகு சொன்னாள். சிரித்து மழுப்பியிருக்கலாம். அப்படிச் செய்தால் தகப்பன் பரப்பியது உண்மையென்று ஆகிவிடும். மறுத்தால் ஆராவ் முழுக்கத் தகப்பனின் மானம் போகும். கேட்டுக்கொண்டு நின்றவரோ கஜலக்சுமி. அவரிடம் ஒன்றைச் சொல்வதும் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று.

அவள் டொச்சிலேயே சொன்னாள். "நான் சட்டத்தரணி இல்லை. மாணவி. என் அப்பா ஆசையில் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இந்த ஒப்பந்தத்தைப் பற்றி நான் ஆலோசனை சொல்லக்கூடாது. இவருக்கு உண்மையான சட்டத்தரணி ஒருவர் தேவை." பிறகு குலேந்திரன் அண்ணையின் பக்கம் திரும்பி அதையே தமிழிலும் சொன்னாள்.

அவர் அசையவில்லை. "லோயரோ இல்லையோ, எனக்கென்ன பிள்ளை? நீ சின்னப்பிள்ளையா இருக்கேக்க எழுதித் தந்த கடிதத்திலதான் எனக்கு இப்ப இருக்கிற வீடே கிடைச்சது. உனக்கு நல்ல கைராசி. முதல் பக்கத்தை ஒருக்காத் தொட்டுத் தா. மிச்சத்தை இந்தப் பெரியவர் பாக்கட்டும்."

என்ன சொல்கிறார் என்று புர்க்ஹால்டர் கேட்டார். ஒன்றையும் விடாமல் மொழிபெயர்த்தாள், கைராசி உட்பட. அவர் மஞ்சள் மூலைகளைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "அப்படியானால் முதலில் தொடுங்கள்" என்றார் சிரிக்காமலே. அவள் தொட்டாள். எல்லோரும் உள்ளே போனார்கள்.

உள்ளே புர்க்ஹால்டர் ஒவ்வொரு விதியாக விளக்க, இவள் மொழிபெயர்க்க, குலேந்திரன் அண்ணை "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். பழைய முதலாளியின் மகன் தொடர்ந்து மேலாளராக இருப்பான் என்ற விதிக்கும் ஓம். புர்க்ஹால்டர் சம்மதம் என்று குறித்துக்கொள்ளப் போனார். இவள் தடுத்தாள். "மன்னிக்கவும், அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்." பிறகு தமிழில் கேட்டாள், "அண்ணை, விளங்கினதோ? சம்மதமோ?"

"நல்லா விளங்கினது. சம்மதமில்லை. அந்தப் பெடியன் வேலைக்கே வாறேல்லை."

அந்த விதி நீக்கப்பட்டது, ஒப்பந்தமும் கையெழுத்தானது. கோடைப் பயிற்சியின் கடைசி நாள் புர்க்ஹால்டர் அவளைக் கூப்பிட்டார். எட்டுப் பேரும் எழுதிய அறிக்கைகள் எல்லாமே நன்றாக இருந்ததாகவும், பெயரை மறைத்தால் எது யாருடையது என்று தனக்கே தெரியாது என்றும் சொன்னார். "ஆனால் கட்சிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க நான் பார்த்தது உங்களை மட்டும்தான்" என்றார். ஓர் இடம் சென் காலன் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு பையனுக்கு, மற்றது இவளுக்கு. எனக்குச் செய்தி வந்தபோது, ஓடி முடிந்த சலவை இயந்திரத்தைத் திறக்க மறந்து அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.

தவராஜா அண்ணைக்கு மட்டும் பெரும் சங்கடம். உண்மையான நல்ல செய்தி கையில் இருக்கிறது, சொல்லத்தான் வழியில்லை. பொறுக்கமுடியாமல், தமிழ்க்கடை ஜெயமலரிடம் வாயைத் திறந்தார். கருவேப்பிலை வாங்க நானும் அங்கே நின்றேன்.

"மகளுக்குப் பயிற்சி இடம் கிடைச்சிட்டுது, தெரியுமோ?"

"ஐயோ அண்ணை, போன மாதம் லோயர் எண்டீங்கள். இப்ப பயிற்சியோ? பிள்ளையை இறக்கிப்போட்டாங்களோ?"

வழக்கமாக அந்த இடத்தில் இன்னொரு கதை விட்டிருப்பார். அன்று முகம் சிவந்து போய், பச்சைமிளகாயைப் பார்த்தபடி நின்றார். "இறக்கேல்லை, தங்கச்சி. அப்ப நான் சொன்னது பொய். பயிற்சிதான் உண்மை. லோயராகேக்க சொல்லுறன்." அந்த மனிதரை எனக்கு முதல்முறையாக நிறையப் பிடித்தது அப்போதுதான்.

அதன்பிறகு படிக்கட்டில்கூட அவர் மகள் பேச்சை எடுக்கவில்லை. அவள் படித்து முடித்து, பயிற்சிக்குப் போய், 2014இல் பரீட்சை எழுதினாள். எப்படி எழுதினாள் என்று கேட்டால், "இந்திராவைக் கேளுங்கோ" என்று நழுவிவிடுவார். பழைய தொணதொணப்பே பரவாயில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது.

முடிவு வந்த அன்று டிலக்ஷி ஹோட்டல் சமையலறைக்கே தொலைபேசி எடுத்தாள். மதிய நெரிசல் நேரம். பின்னால் சட்டிகளின் சத்தம் கேட்டதாம்.

"அப்பா, பாஸ்."

அவர் மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப... இனிச் சொல்லலாமோ, பிள்ளை?"

"சொல்லுங்கோ அப்பா. எல்லாருக்கும் சொல்லுங்கோ."

அவர் தொலைபேசியை வைக்கக்கூட இல்லை. பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த போர்த்துக்கேயரிடம் தன் உடைந்த டொச்சில், அழுதழுது சொல்லத் தொடங்கியதை அவள் சூரிச்சிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.