செருப்படிப் பூண்டு

பாலாற்று மணலில் தரையோடு தரையாகப் படரும் ஒரு பூண்டு உண்டு. தண்ணீர் வற்றிய ஈரத்தில் முளைத்து, வெயில் ஏற ஏறத் தழைக்கும். சுருங்கிய சிறிய இலை, உற்றுப் பார்த்தால்தான் தெரியும் வெள்ளைப் பூ. அதன் பெயர் செருப்படி. கல்லூரியில் தாவரவியல் நடத்திய காலத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் வகுப்பு சிரிக்கும். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து பாடத்தைத் தொடர்வேன்.

மனைவி போன பிறகு காலை நேரத்தில் எனக்குப் பேச ஆள் இல்லை. ஆம்பூருக்கு வெளியே ஆற்றில் இறங்கி நடப்பேன். போன கோடையில் அங்கே ஒரு மணல்திட்டில் கருவயிற்று ஆலா சோடியைப் பார்த்தேன். எங்குமே அருகிப்போன பறவை. சீமைக்கருவேலம் ஏறாமல் மிஞ்சியிருந்தது அந்தத் திட்டு ஒன்றுதான். வெறும் மணலில் முட்டையிட்டிருந்தது. உச்சி வெயிலில் தாய் போய் வயிற்றை நீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். பொரிந்த இரண்டு குஞ்சுகளும் பகல் முழுக்கச் செருப்படிப் படர்வின் ஓரத்து நிழலில் ஒண்டிக் கிடந்தன. அசையாவிட்டால் மணல் எது, குஞ்சு எது என்று தெரியாது.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யார் இருந்தார்கள் என்று கேட்டுக்கொள்வேன். உண்மையில், எனக்கென்று அந்த ஒன்றாவது இருக்கட்டும் என்ற ஆசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷூ கம்பெனிப் பெண்கள் சிலர் ஆற்றைச் சுத்தம் செய்ய வந்தார்கள். பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, முளைத்திருந்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டே திட்டை நெருங்கினார்கள். நான் கரையில் இருந்தேன். ஓட முடியாத வயது. பதற்றத்தில் வாயில் வந்தது செடியின் பெயர்தான்.

"செருப்படி! அங்க செருப்படி!" என்று கத்தினேன்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். முன்னால் இருந்த அம்மாள் நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா சார் சொன்னீங்க? யாருக்குச் செருப்படி?"

"இல்லம்மா..."

"காலைலேந்து ஊரு குப்பைய அள்றோம். நாங்க செருப்பு தைக்கிறவங்க சார். எங்க கைல இல்லாத செருப்பா?"

பின்னால் ஒருத்தி, "விடுக்கா, வெயில் ஜாஸ்தி, பெருசு பேஜாராய்ட்டாரு" என்றாள். சிரிப்பு எழுந்தது. தோலோடு வேலை செய்பவர்களை இந்த ஊர் அந்தச் சொல்லால் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அது செடியின் பெயர் என்று இப்போது சொன்னால் சமாளிப்பதாகத்தானே நினைப்பார்கள் என்று கூசினேன். நல்லவனாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. செடி எல்லாத்தயும் எடுத்துடுங்க" என்றேன்.

எடுத்துவிட்டார்கள். ஆலாக்கள் தலைக்குமேல் கத்திக்கொண்டே சுற்றின. நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மாலையில் போனபோது திட்டில் நிழல் என்று எதுவும் இல்லை. ஒரு குஞ்சு மணலில் காய்ந்து கிடந்தது. மற்றொன்று இருந்த இடத்தில் காக்கைக் கால் தடம். சில நாளில் பெரிய பறவைகளும் போய்விட்டன.

மனம் கேட்காமல், கம்பெனி விடும் நேரத்தில் வாசலில் போய் நின்றேன். அந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். செடியின் பெயரைச் சொன்னேன். குஞ்சுகளைச் சொன்னேன், தாய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்தது. டிபன் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டோமே சார்" என்றார். பிறகு, "குருவிக்கு அழுவுறீங்க, சரி. அன்னிக்கு ராத்திரி நான் சோறு துன்னல. அதுக்கு இன்னா சொல்றீங்க?"

அதைப் பற்றி ஒரு சொல்கூட நான் தயாரித்துக்கொண்டு போயிருக்கவில்லை. பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டார்.