கொழுந்து அண்ணனும் பன்னீர்ச் செம்பும்

தேயிலைத் தோட்டத்துப் பாதைகளை இணைய வரைபடத்தில் சேர்க்கும் எங்கள் தன்னார்வக் குழு இன்று முதல்முறையாக ஹட்டனில் நேரில் கூடியது. மண்சரிவு வந்தால் அம்புலன்ஸ் எந்த லயத்து வீடுகளுக்கு எந்த வழியாகப் போகலாம் என்று பார்க்க உதவும் வரைபடம் அது.

கூட்டத்தின் தலைப்பு: 'பெண்களைக் குழுவுக்குள் எப்படிக் கொண்டுவருவது?'

மஸ்கெலியா பஸ்ஸில் வந்து இறங்கி, மண்டப வாசலுக்குப் போனேன். ஏற்பாட்டாளர் அண்ணனுக்கு என்னைப் பார்த்ததும் உயிர் வந்தது.

"நல்ல வேளை வந்தீங்க தங்கச்சி. வாசல்ல நிக்க ஒரு பொம்பளப் புள்ளகூட இல்லையேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

பன்னீர்ச் செம்பு என் கைக்கு வந்தது. நானும் தெளித்தேன். வந்தவர்கள் எல்லாரும் ஆண்கள்.

நோட்டன் பிரிட்ஜிலிருந்து வந்த ஒருவர் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டே கேட்டார்: "கொழுந்து அண்ணன் வந்துட்டாரா? எங்க பக்கத்துக் குறுக்குப் பாதையெல்லாம் மேப்புல போட்டது அவருதான்."

இணையத்தில், குழுவில் என் பெயர் 'கொழுந்து'. முகப்புப் படமும் தேயிலைக் கொழுந்துதான். சேர்ந்த நாளிலிருந்து எல்லாருக்கும் நான் அண்ணன்.

"வந்துட்டாரு. உள்ள போய் உக்காருங்க" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மைக்கில் கூப்பிட்டார்கள்: "இப்போ நம்ம கொழுந்து அண்ணன் பேசுவாரு."

செம்பை யாரிடமாவது கொடுக்கலாம் என்று சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் கை நீட்டவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே மேடையேறிப் பேசினேன்.

அடுத்த கூட்டத்துக்கு வாசலில் நிற்கத் தன்னார்வலர் தேவை. முன் அனுபவம் அவசியமில்லை. அண்ணன்மார் இந்தப் பதிவுக்குக் கீழே பெயரைப் போடலாம்.