பெட்டியில் வைத்த செல்போன்

இதை யாரையும் பயமுறுத்துவதற்காக நான் எழுதவில்லை. பயந்தது நான். எழுதிவிட்டால் கொஞ்சம் விலகிப் போகும் என்று ஒரு நினைப்பு, அவ்வளவுதான். நடந்ததோடு ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் என் கொழுந்தன் இக்னேஷியஸைக் கேட்கலாம். அன்றைக்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. வாசலில் நின்றுதான் பேசுகிறான்.

என் வீட்டுக்காரர் பெயர் லூர்து பிரகாஷ். வில்லியனூரைத் தாண்டி எங்கள் ஊர். கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. போன மார்ச் மாதம் மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்து இறந்துபோனார். காலையில் டீ குடித்துவிட்டுப் போனவரை மத்தியானம் கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்தார்கள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் கைவிடாமல் வைத்திருந்த பொருள் எதையாவது பெட்டிக்குள் அவர் கையருகே வைத்து அனுப்புவோம். என் மாமனாருக்கு மூக்குக்கண்ணாடி. பெரிய மாமியாருக்குப் பொடி டப்பா. இவருக்குச் செல்போன். இக்னேஷியஸ்தான் அதைக் கைக்குட்டையில் சுற்றி, ஜெபமாலைக்குப் பக்கத்தில் வைத்தான். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. எனக்கும் படவில்லை.

அவர் கோயிலில் வாசகம் படிப்பவர். பெரிய வெள்ளிக்கிழமையன்று இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வாசகம் வருடா வருடம் அவர் குரலில்தான் கேட்கும். தவக்காலம் தொடங்கியதும் தினமும் படித்துப் பதிவு செய்வார்; கேட்டுக் கேட்டுத் திருத்துவார். போனில் பதிந்தாலும் அது தானாக லேப்டாப்பில் வந்து சேர்ந்துவிடும். அப்படிச் செய்து வைத்திருந்தார். எத்தனையோ வருடக் குரல், எல்லாம் அந்த லேப்டாப்பில்தான். வேறு எங்கும் இல்லை. குடும்ப வீடியோக்களில்கூட அவர் இல்லை. எடுத்தவரே அவர்தான்; எடுக்கும்போது பேசவும் மாட்டார்.

லேப்டாப்பின் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். கோயில் செய்திமடலை அதில் நான்தான் டைப் செய்வேன். பார்க்காமலே அடிப்பேன்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அதன் முன்னால் உட்கார்ந்தேன். விரல் அப்படியே நின்றுவிட்டது. முதல் எழுத்துகூட வரவில்லை. கல்யாண தேதி, அவர் பெயர், என் பெயர், மாதா பெயர், வண்டி நம்பர்... எதை அடித்தாலும் தவறு என்றது. துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டேன். நாளானால் ஞாபகம் வரும் என்று நினைத்தேன்.

வரவில்லை. அக்டோபரில் ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேசுவதை நினைத்துப் பார்த்தேன். அவர் இருட்டில் தூங்க மாட்டார். சின்ன பல்ப் எரிய வேண்டும். நான் மறந்து அணைத்துவிட்டால், தூக்கத்திலேயே "செலினு, லைட்டைப் போடு" என்பார். தினமும் கேட்ட வாக்கியம். அன்று நினைத்தபோது அவர் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

பாஸ்வேர்டு போன வழியில் குரலும் போய்க்கொண்டிருந்தது.

மறுநாளே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மதகடிப்பட்டுக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் குமரவேல் தெரிந்த பையன்.

"அண்ணன் எல்லாத்தையும் பூட்டு போட்டு வெச்சிருக்காருக்கா. நான் எல்லாத்தையும் அழிச்சுட்டுத் தொறந்தா லேப்டாப் ஓடும். உள்ள ஒண்ணும் மிஞ்சாது."

"வேற வழியே இல்லியாப்பா?"

"ஒண்ணு இருக்குது. இதுல ஒரு நம்பர் வரும். அவரு போனுக்கும் கேள்வி போவும். அதே நம்பரைப் போன்ல அமுக்கினா தொறந்துக்கும். போன் எங்க?"

"அவரோட போயிடுச்சு."

"தொலைஞ்சுபோச்சா?"

"பெட்டியில வெச்சுட்டோம்."

அவன் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தான். "இன்னாக்கா நீங்க... சாவியையும் சேத்துப் பொதைச்சுட்டீங்களே." பிறகு லேப்டாப்பை மூடிக்கொண்டே சொன்னான். "சார்ஜ் மட்டும் ஃபுல்லா இருக்குது. நேத்து போட்டீங்களா?"

நான் போடவில்லை. மார்ச்சுக்குப் பிறகு அதற்கு யாரும் சார்ஜ் போடவே இல்லை.

இதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். காலையிலேயே நானும் இக்னேஷியஸும் கல்லறைக்குப் போனோம். அவன் புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்தான். நான் சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, ஜெபமாலை சொன்னேன். வீட்டில் நாங்கள் சொல்லும்போது முதல் பாதி எனக்கு, பின்பாதி அவருக்கு. அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு மன்றாட்டிலும் பாதியில் நிறுத்தினேன். யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் விட்டு நானே முடித்தேன்.

குமரவேல் சொன்னதை இக்னேஷியஸிடமும் சொல்லியிருந்தேன். கிளம்பும்போது அவன் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு, கல்லறையைப் பார்த்துச் சொன்னான்.

"யண்ணே, அண்ணி கெடந்து அல்லாடுது. சும்மாதானே படுத்துனு இருக்க? அந்த நம்பரைக் கொஞ்சம் அமுக்கி விடேன்."

"வாயை மூடுடா," என்றேன். ஆனால் சிரித்தேன். அவர் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன்.

அவன் என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் மூன்று மணி. ஆனால் வீட்டுக்குள் இருட்டிவிட்டது. கரண்ட்டும் போய்விட்டது. என்ன தோன்றியதோ, லேப்டாப்பை எடுத்துக் கூடத்துத் தரையில் வைத்தேன். அது வெதுவெதுப்பாக இருந்தது.

என் போனிலிருந்து நெட் கொடுத்தேன். குமரவேல் காட்டிய இடத்தை அமுக்கினேன். திரையில் பெரிதாக ஓர் எண் வந்தது. முப்பத்தெட்டு. 'உங்கள் போனில் இதே எண்ணை அமுக்கவும்.'

அப்போதுதான் கேட்டது.

உர்ர்ர்... உர்ர்ர்...

பலகை மேல் வைத்த போன் அதிர்வது போல. என் போனைப் பார்த்தேன். அது அதிரவில்லை. மிக்ஸியா? கரண்ட் இல்லை. பக்கத்து வீடா? சத்தம் பக்கத்திலிருந்து வரவில்லை.

கீழேயிருந்து வந்தது.

நேரம் முடிந்துவிட்டது என்று திரை சொன்னது. சத்தமும் நின்றது.

மறுபடி அமுக்கினேன். வேறு எண். எழுபத்தொன்று.

உர்ர்ர்... உர்ர்ர்...

தரையில் காதை வைத்தேன். சிமெண்ட் சில்லென்று இருந்தது. அதிர்வு கன்னத்தில் தெரிந்தது. அதற்கு நடுவே இன்னொரு சத்தம். மரத்தை நகத்தால் தடவுவது போல. எதையோ தேடித் தடவுவது போல.

தடவல் நின்றது.

அதிர்வும் நின்றது.

திரை பச்சையானது.

'அனுமதிக்கப்பட்டது.'

லேப்டாப் திறந்துகொண்டது. எங்கள் கல்யாணப் படம் வந்தது. நான் அழவில்லை. பதிவுகள் இருந்த இடத்தைத் திறந்தேன். எல்லாம் இருந்தன. வருடம் வருடமாக. அவற்றுக்கு மேலே, புதிதாக ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. போனிலிருந்து வந்த பதிவு.

தேதி, அன்றைய தேதி. நேரம், காலை 9.20.

அமுக்கினேன்.

முதலில் ஒன்றும் இல்லை. அடைத்துக்கொண்ட காது போல ஒரு மௌனம். பிறகு சொரசொரவென்று மேலே ஏதோ செதுக்கும் ஓசை. பிரஷ் தேய்க்கும் ஓசை. அப்புறம் ஒரு பெண் குரல், ரொம்ப தூரத்தில், போர்வைக்கு வெளியே பேசுவது போல.

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது.

என் குரல்.

பாதி மன்றாட்டு சொல்லி நிறுத்தினேன். நிறுத்திய இடத்தில்...

பின்பாதியை ஒருவர் சொன்னார்.

தூரத்தில் இல்லை. மைக்குக்குப் பக்கத்தில். மூச்சு மோதும் அளவுக்குப் பக்கத்தில். வறண்ட தொண்டை. ஆனாலும் அவர்தான். வாசகம் படிக்கும் அதே நிதானம். நான் நிறுத்திய ஒவ்வோர் இடத்திலும் சொன்னார். ஒன்றைக்கூட விடவில்லை.

மேலே இக்னேஷியஸ் பேசினான். நம்பரை அமுக்கி விடச் சொன்னான். நான் சிரித்தேன்.

வாளி உரசும் சத்தம். செருப்புச் சத்தம். தேய்ந்து போனது.

மௌனம்.

மூச்சு.

மூச்சு வேகமானது.

"செலினு..."

பலகையில் தட்டும் சத்தம்.

"செலினு... லைட்டைப் போடு."

திரை அணைந்தது.

அதற்குப் பிறகு லேப்டாப் எழும்பவே இல்லை. குமரவேல் பிரித்துப் பார்த்துவிட்டு, "உள்ள மொத்தமும் கருகிப்போயிருக்குதுக்கா, கரண்ட் பாஞ்ச மாதிரி," என்றான். பழைய பதிவு ஒன்றையும் எடுக்க முடியாது என்றான். கரண்ட்டே இல்லாத வீட்டில் அது எப்படிக் கருகியது என்று அவனுக்கு விளங்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

இக்னேஷியஸிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு ஒரு சின்ன ஆசை இருந்தது. போனை அவன் பெட்டியில் வைக்காமல் எடுத்து வைத்திருப்பான், அவன்தான் ஏதோ விளையாடியிருக்கிறான் என்று. அப்படி இருந்தால் அவனை மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"போனைப் பெட்டியிலதான் அண்ணி வெச்சேன். ஆனா... அது அன்னிக்கே செத்துப்போச்சு."

"இன்னாடா சொல்ற?"

"சட்டைப் பையில இருந்துச்சு இல்ல, அடிச்ச கரண்ட்டு அதுலயும் பாஞ்சுடுச்சு. உருகிப்போய் வெறும் கட்டிதான். நீங்க பாத்தா தாங்க மாட்டீங்கன்னுதான் கைக்குட்டையில சுத்தினேன். சிம்மை மட்டும் முன்னாடியே உருவிட்டேன்."

பர்ஸைத் திறந்து காட்டினான். ஓரம் கருகிய சிம். மார்ச் மாதத்திலிருந்து அவன் பர்ஸிலேயே இருந்திருக்கிறது.

கல்லறையைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பிறகு நானும் யாரிடமும் கேட்கவில்லை.

அவர் குரல் இப்போது எனக்கு மறக்கவில்லை. அத்தனை வருடம் வாசித்ததில் ஒரு வரிகூட நினைவில் வரவில்லை. அந்த ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் கேட்கிறது.

தினமும் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறேன். மேலேதான் ஏற்ற முடிகிறது.